ஏழு கோட்டுக்காரன்

பதினாறாம் எண் சரியாக நாற்பதாவது விநாடியில் அழுதான். பேராசிரியர் நம்குங் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"போதும் தம்பி. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ."

சியோலில் அந்தச் சினிமாக் கல்லூரியின் நேர்காணலுக்கு வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, சட்டையில் ஒட்டிய எண் மட்டும்தான். கேள்வியும் ஒன்றுதான். பிடித்த படம் எது, அதில் பிடித்த பாத்திரம் யார், ஏன்? காலையிலிருந்து ஐந்து பேருக்கு, ஐந்தரை மணி நேரக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் வேலி கட்டுகிற கிழவரை உயிருக்கு உயிராகப் பிடித்திருந்தது.

"எல்லாம் இந்த டியூஷன் மாஸ்டருங்க பண்ற வேலை," என்றார் நம்குங், பக்கத்தில் இருந்த பேராசிரியை பியோவிடம். "நம்ம ஒவ்வொருத்தரப் பத்தியும் தனித்தனியா ஃபைல் வச்சிருக்கானுங்க. யாருக்கு எந்த டைரக்டர் பிடிக்கும், யாரு எதுக்குத் தலையாட்டுவாங்க, யாருக்கு எந்தப் பல்லுல வலி, எல்லாம் தெரியும். ஆனா எங்கிட்ட நடக்காது. மனப்பாடம் பண்ணிட்டு வந்தா பத்தடி தூரத்துலயே எனக்கு வாடை அடிச்சிரும்."

"இருபது வருஷமாச் சொல்றீங்க," என்றார் பியோ.

நம்குங் சாதாரண ஆளில்லை. அவர் எடுத்த ஒரே படத்தில் ஒரு கதவு பதினோரு நிமிடம் திறக்கும். அந்த நேரத்தில் அரங்கின் கதவும் பல முறை திறந்து மூடும்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம். அன்றைய கடைசி ஆளாகப் பதினேழாம் எண் உள்ளே வந்தாள்.

"இது மூணாவது வருஷம் சார். இந்தத் தடவையும் இல்லேன்னா அப்பாவோட மீன் கடையில உக்காரணும்," என்று சொல்லிவிட்டு, வேலிக் கிழவரை ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம் ஓடியது. பாதியில் நிறுத்தினாள்.

"மன்னிச்சுக்குங்க சார். அந்தப் படத்துல ஒரு மணி நேரத்துலயே நான் தூங்கிட்டேன்."

பியோ பேனாவைக் கீழே வைத்தார். நம்குங் அன்றைக்கு முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நெஜமாப் பிடிச்ச படம் எது?"

"சொன்னா சிரிப்பீங்க."

"நான் சிரிச்சே ரொம்ப நாளாச்சும்மா. சும்மா சொல்லு."

"'குன்சான் ரவுடிகள்'னு ஒரு பழைய படம் சார். புத்தாண்டு லீவுல டி.வி.யில போடறப்பல்லாம் அப்பாவும் நானும் பாப்போம். அதுல ஒரு அடியாள் வருவான், பேரே கிடையாது. சண்டைன்னா மத்த ஏழு பேரும் கோட்டைக் கழட்டி அவன் கையிலதான் குடுப்பாங்க. கடைசிச் சண்டையில ஏழு பேரையும் போலீஸ் அள்ளிட்டுப் போயிரும். இவன் மட்டும் ஏழு கோட்டையும் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நடுரோட்டுல நிப்பான். மழை வரும். தன் தலைய மூடிக்கணும்னு தோணாது சார் அவனுக்கு. கோட்டு நனையக் கூடாதுன்னு குனிஞ்சுக்குவான்."

அவள் அழவில்லை. கடைசி வரியில் குரல் மட்டும் லேசாகக் கம்மியது.

நம்குங்குக்கு வியர்த்துவிட்டது. இருபத்தெட்டு வயதில் வயிற்றுப்பாட்டுக்காக, வேறு பெயரில், அவரே எழுதிக்கொடுத்த படம் அது. உலகத்தில் யாருக்கும் தெரியாது என்பது அவர் நம்பிக்கை. நாலே நாள் ஓடியது. எந்தத் தொலைக்காட்சியும் சீண்டவில்லை. படப்பெட்டி எங்கே போனதென்று தயாரிப்பாளரே மறந்துவிட்டார்.

கோட்டுக் காட்சிக்கு அரங்கம் வயிறு குலுங்கச் சிரிக்கும் என்று நினைத்துத்தான் எழுதினார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவர் எழுதியது சிரிப்பே இல்லை. மனித குலத்தின் தனிமை.

"அதை எழுதினவரு..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பெரிய ஆளா இருக்கணும்."

"மேதை சார்," என்றாள் பதினேழாம் எண்.

அவள் வெளியே போனதும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போட்டார், பேனாவால். பியோ எட்டிப் பார்த்தார்.

"வேலி கட்டினவங்களை எல்லாம் விரட்டிட்டு, ரவுடிப் படத்துக்குத் தொண்ணூத்தொம்பதா?"

"உங்களுக்குப் புரியாதும்மா. அந்தப் பொண்ணு மனசுலேருந்து பேசிச்சு. இதையெல்லாம் எந்த மாஸ்டரும் சொல்லிக்குடுக்க முடியாது."

தாளை உறையில் போட்டு, முத்திரை குத்தி, எழுத்தரிடம் நீட்டினார். அதற்கப்புறம் மதிப்பெண்ணைத் திருத்த விதியில் இடமில்லை. அந்த விதியை எழுதியவரும் அவர்தான்.

மனசு நிறைந்து போய், காபி குடிக்க மாடிப்படியில் இறங்கினார். படித் திருப்பத்துக்குக் கீழே பதினேழாம் எண், சட்டையில் ஒட்டியிருந்ததைப் பிய்த்துக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"சீட்டு நமக்குத்தான் மாஸ்டர். நடுவுல சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். நீங்க கம்மச் சொன்ன எடத்துல கரெக்டாக் கம்மிட்டேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"ஆமா மாஸ்டர், அது சிரிப்புப் படமா, சோகப் படமா?"