நாற்பது பேர் ஊதிய பால்

விலைக்குப் பார்த்த பதினாறு வீடுகளையும் கண்ணெதிரே மற்றவர்களிடம் பறிகொடுத்திருந்த பூங்கோதை, பதினேழாவது வீட்டைப் பார்க்கப் போகும்போது பையில் ஒரு பாத்திரமும் அரை லிட்டர் பாலும் எடுத்துக்கொண்டாள். வீடு என்னவோ இரண்டு அறையும் ஒரு சமையலறையும்தான். பார்க்க வந்த கூட்டமோ ஒரு தேரை இழுக்கப் போதும். குளியலறைக்குள் மட்டும் நான்கு குடும்பங்கள் நின்று குழாயைத் திருகிக்கொண்டிருந்தன. பூங்கோதை நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள்.

"அம்மா, இன்னும் விலையே பேசல, அதுக்குள்ள பால் காய்ச்சுறீங்களே!" என்று அலறினார் தரகர்.

"பொங்கி வழிஞ்சிட்டா நாங்க குடிவந்த மாதிரி. அப்புறம் யாரு எங்கள வெளிய அனுப்புறாங்கன்னு பாக்குறேன்." அவள் இருக்கிற வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும்.

கூட்டத்துக்கு விஷயம் உறைத்தது. ஒருத்தி பால் பொங்கவிட்ட வீட்டில் இன்னொருத்தி எப்படிப் பால் காய்ச்சுவது? பால் விளிம்புக்கு ஏறியதும் நாற்பது பேரும் சுற்றி நின்று ஊத ஆரம்பித்தார்கள். அடித்த காற்றில் சுவர்க் காலண்டர் பறந்துபோய்க் கூரையில் ஒட்டிக்கொண்டது. பால் இறங்கியது, ஏறியது, மறுபடியும் இறங்கியது. பூங்கோதை இரண்டு கைகளையும் விரித்து மறைத்துப் பார்த்தாள். இரண்டு கை எந்தப் பக்கத்துக்குப் போதும்?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்காரர் அருணகிரி வந்தார். மனைவி போனபின் அந்த அடுப்பில் அவர் வெந்நீரைத் தவிர எதையும் வைத்ததில்லை. பாத்திரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது சோம்பேறி அடுப்பும்மா. நல்லா அமுக்கித் திருகினாத்தான் தீ ஏறும்," என்று குமிழில் கை வைத்தார்.

நாற்பது பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.