மூன்றாம் மாடிக் கண்ணாடி

கடற்கரை ரிசார்ட்டில் புறாக்களை விரட்ட வல்லூறு பறக்கவிடுவதுதான் ஞானமுத்துவின் வேலை. அன்று காலை ஒரு புறாவைத் துரத்திக்கொண்டு வல்லூறு மூன்றாம் மாடி அறைக்குள் புகுந்துவிட்டது. காற்றில் கண்ணாடிக் கதவு படீரென்று சாத்திக்கொண்டது. அறையில் தங்கியிருந்தவர் படகில் போயிருந்தார்.

"திறந்து விடுங்க சார். அடிச்சிக்கிட்டே செத்துரும்."

"கெஸ்ட்டைக் கேக்காம திறந்தா என் வேலை போயிரும்ப்பா," என்றார் மேலாளர். "அவரு போனை எடுக்க மாட்டேங்கிறாரே!"

கீழே நின்ற ஞானமுத்து பழக்கத்தில் விசில் ஊதினான். கூப்பிடுகிறான் என்று வல்லூறு பாய்ந்துவந்து கண்ணாடியில் மோதியது. விசிலை நிறுத்தினான். அவன் நிற்பதைப் பார்த்து மறுபடியும் மோதியது. ஓடிப்போய்த் தென்னைமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

சத்தம் நின்றது.

உயிரோடு இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கத் துடித்தான். பார்த்தால் அதுவும் அவனைப் பார்த்துவிடும்.