முதுகில் மூன்று கோடு

புலி ராஜாவின் தானியக் கிடங்கில் ஓர் அணில் வேலை பார்த்தது. ஒரு நாள் மேலாளர் நரி கரிச்சாந்து வாளியோடு வந்தது.

"வேலைக்கு வருகிறவர்கள் உடம்பில் சாமி அடையாளம் இருக்கக் கூடாதாம். ராஜா உத்தரவு. முதுகைக் காட்டு, பூசிவிடுகிறேன்."

"இது எங்கள் சாமி தடவிக்கொடுத்த கோடு ஐயா! இதனால் ஒரு மணி நெல்லாவது குறைந்ததா?"

"வேலை நேரத்தில் மட்டும் மறைத்துக்கொள். வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்."

"பகலில் சாமி இல்லை என்று சொல்லிவிட்டு ராத்திரியில் கும்பிட என்னால் முடியாது." அணில் வாளியைத் தள்ளிவிட்டது. "ராஜா உடம்பு முழுக்கக் கோடுதானே? அதற்கும் பூசுவீர்களா?"

நரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. "அது கோடு இல்லை, அரசாங்கம்."

அணில் வாலை நிமிர்த்திக்கொண்டு, வெயிலில் மூன்று கோடும் பளிச்சென்று தெரிய, கிடங்கின் வாசலைத் தாண்டி வெளியே நடந்தது.