எடுக்காத போன்

கவின் தினமும் ஒரே நம்பருக்குப் போன் போடுவான். ஒரு வார்த்தைகூடப் பேசாமல், தனக்குள் சிரித்தபடி வைத்துவிடுவான்.

“ஏனுங்க, யாருக்குங்க?” என்றாள் மனைவி மோகனப்பிரியா.

“அப்புறம் சொல்றேன் அம்மணி.”

சந்தேகம் அவளை அரித்தெடுத்தது. அவன் தோட்டத்துக்குப் போனதும், திருட்டுத்தனமாகக் குறித்துவைத்த அந்த நம்பருக்குத் தன் போனிலிருந்து அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. விடுவாளா? அடித்துக்கொண்டே இருந்தாள்.

கவின் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றான்.

“பழைய போன மோட்டார்ல கோத்து, ரிங் போனா தண்ணி வர்ற மாதிரி நானே செஞ்சேன் அம்மணி. பைப்பு வாயில குனிஞ்சு அடைப்பெடுத்தா, எவனோ கூப்பிட்டுட்டே இருக்கறான்! போனக் கழட்டியாந்துட்டேன். தலையத் தொவட்டீட்டு, எவன்னு பாத்துப்போடறேன்.”

துண்டை நீட்டிய மோகனப்பிரியா, மறு கையால் போனை வாங்கிக்கொண்டாள்.