புது சாஃப்ட்னரின் அளவு

போர்வெல் தண்ணீரின் உப்பை எடுத்து மென்மையாக்கித் தரும் சாஃப்ட்னர் ஒன்று, பழசாகி ஒழுகத் தொடங்கியது. புதியதற்கு அளவு பார்க்க ஓர் ஆள் வந்திருந்தார்.

"எனக்குப் பதிலா எவ்வளவு பெரிசு வரும், அண்ணே?" என்று அது சுவரில் இருந்த கீஸரிடம் கேட்டது.

"வீட்டில இப்ப வேலாயுதம் ஒருத்தர்தானே. அவர் வழுக்கைக்கு ரெண்டு சொம்புத் தண்ணியே அதிகம். சின்னதுதான் வரும்."

"சின்னது வந்துட்டா, பிள்ளைங்க இனிமே வரமாட்டாங்கன்னு அவரே முடிவு பண்ணிட்டாருன்னு அர்த்தம்," என்றது சாஃப்ட்னர்.

வந்தவர் கேட்டார்: "வீட்டில எத்தனை பேர், சார்?"

"நான் மட்டும்தான்."

"அப்ப இருக்கறதிலேயே சின்னது போதும்."

வேலாயுதம் குளியலறைக் கதவைப் பார்த்தபடி நின்றார். "தீபாவளி அன்னிக்கு எல்லாரும் எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு வரிசையா நிப்பாங்க. அதுக்குத் தாங்குமா?"

"தாங்காது சார். எத்தனை பேர் வருவாங்க?"

"நாலஞ்சு வருஷமா யாரும் வரல. ஆறு பேருக்கே போட்டுடுங்க."

வந்தவர் அளவைக் குறித்துக்கொண்டு போனார்.

"அண்ணே," என்றது சாஃப்ட்னர், "எனக்குப் பதிலா வரப்போறவன்கிட்ட, காத்திருக்கப் பழகிக்கச் சொல்லுங்க."