நீளக் குழாய்

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. மேகம் மூடியிருந்தும் மழை இல்லை. பிள்ளையார்பாளையம் முழுவதும் புழுங்கிக்கொண்டிருந்தது.

பஞ்சாட்சரம் தறியை நிறுத்திவிட்டுப் பாயில் வந்து அமர்ந்தார். எதிரே, மாதிரிக்கு வந்த இரண்டு வகை ரெகுலேட்டர்கள் கிடந்தன. முதுகிலிருக்கும் சிலிண்டரின் காற்றை, நீருக்கடியில் மூச்சுக்கேற்ப அளந்து கொடுக்கும் கருவி அது.

கிணற்றிலும் குட்டையிலும் மூழ்கியவர்களைத் தேடி இறங்குவது அவர் மகன் விக்னேஷும் அவன் கூட்டாளி சத்யராஜும்தான். இருவருக்கும் ஒரே வகைக் கருவி வாங்கித் தரத் தெருவார் முடிவுசெய்திருந்தனர். ஜரிகையில் ஓரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார் என்பதால், தேர்வு பஞ்சாட்சரத்தின் பொறுப்பு.

குழாயை இரு விரலால் உருவிப் பார்த்தார்.

"வாய்ல கவ்வுற துண்டு ரெண்டு ரெண்டு இருக்குதே, ஏம்பா?"

"ஒண்ணு நமக்கு நைனா. இன்னொண்ணு ஸ்பேரு. கூட வந்தவனுக்குக் காத்து நின்னுபோச்சுன்னா வேணும்ல?" என்றான் விக்னேஷ்.

"அப்ப இதான் சரி. ஸ்பேருக்கு நீளக் குழாய், எட்டிக் குடுக்கலாம். மத்ததுல ஸ்பேரு கழுத்தோட தொங்குது."

"அதான் வேணும் ஐயா," என்றான் சத்யராஜ். "அதுல வாய்ல இருக்கறதுக்குத்தான் நீளக் குழாய். அதை உருவி மத்தவனுக்குக் குடுத்துட்டு, ஸ்பேர நாம வெச்சிக்கணும்."

பஞ்சாட்சரத்தின் முகம் மாறியது.

"நீ கடிச்சத இவன் கடிக்கணுமா?"

"அவன் கடிச்சத நானும்தானே கடிப்பேன்?"

"பல்லு வெளக்கிட்டு வாடா, போதும்," என்று சிரித்தான் விக்னேஷ்.

பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. கையிலிருந்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சத்யராஜிடம் பேசியபோது அவர் குரல் இளகியிருந்தது.

"உங்கப்பன் சின்னப்பையனும் நானும் பப்பாளித் தண்ட வாய்ல வெச்சிக்கினு, முசரவாக்கத்துக் கெணத்துல ஒளிஞ்சிக்கினு இருப்போம்பா. கண்ணத் தொறந்தா எல்லாம் பச்சையா இருக்கும். மேல எங்க வாத்தியாரு கத்திக்கினு இருப்பாரு, ஒண்ணும் காதுல விழாது. அந்தச் சொகம் அப்புறம் எனக்குக் கெடைக்கவே இல்ல."

குழாயைப் பாயில் வைத்தார்.

"ஆனா ஆளுக்கொரு தண்டு. என்னுது ஒடைஞ்சா அவன் தன்னோடத நீட்டுவான். நான் வாங்க மாட்டேன், மேல வந்துடுவேன். சிநேகிதம் வேற, எச்சில் வேற."

"கெணத்துல மேல வந்துடலாம் ஐயா. முழுகின காருக்குள்ள மாட்டிக்கினா?"

"அதுக்குத்தான் யார் வாயும் படாத ஸ்பேரு இருக்குதே! சுத்தமானத நீ வெச்சிக்கினு, எச்சில எம்புள்ளைக்குக் குடுப்பியா? என்னா திமிருடா உனக்கு!"

"அப்படி இல்ல ஐயா, எதுக்குன்னா..."

"பேசாத!"

"தண்ணிக்குள்ள போறது நாங்க நைனா," என்றான் விக்னேஷ். "எனக்கும் அதான் வேணும்."

பஞ்சாட்சரம் எழுந்துபோய்த் தறியில் அமர்ந்தார். காரணம் சொல்ல வந்த சத்யராஜின் குரல் தறியோசையில் அமுங்கிப்போயிற்று.

அவன் கேட்ட வகையையே வாங்கினார்கள். நான்கு மாதம் பஞ்சாட்சரம் அவனோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

டிசம்பர் 9ஆம் தேதி, வாலாஜாபாத்துக்கு அருகே ஒரு பாசனக் கிணற்றில் கார் விழுந்தது. இருவரும் இறங்கினர். காருக்குள் விக்னேஷின் காற்று நின்றது. சத்யராஜ் தன் வாயிலிருந்ததை உருவி அவனுக்குக் கொடுத்தான். இருவரும் மேலே வந்தார்கள். விக்னேஷ் நடந்தே வீடு திரும்பினான். சேற்று நீர் நுரையீரலுக்குள் போனதால் சத்யராஜ் நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தான்.

"சும்மா தொங்கறது வேலை செய்யுமான்னு யாருக்கும் தெரியாது நைனா," என்றான் விக்னேஷ். "மூச்சு வந்துக்கினு இருக்கறது மட்டுந்தான் நிச்சயம். அதத்தான் மத்தவனுக்குக் குடுக்கணும்னு அன்னிக்கு உங்ககிட்டச் சொல்ல வந்தான்."

சத்யராஜ் கவ்வி வந்த ஸ்பேர் துண்டைப் பஞ்சாட்சரமே தெருக் குழாயடியில் கழுவினார். நான்கு குடம் தண்ணீர் ஊற்றியும் அதிலிருந்து சேறு வந்துகொண்டே இருந்தது.