மிச்சமிருந்த ஒரே பாராட்டு

பாராட்டுரையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பாராட்டு: "நேரம் தவறாதவர்."

பாராட்டப்பட வேண்டியவரோ இன்னும் வந்து சேரவில்லை.

மேடைத் திரைக்குப் பின்னால் அந்தத் தாளைப் பிடித்தபடி நின்றான் தற்காலிகம். தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்து, வருடங்கள் ஓடியும் அப்படியே இருந்ததால் ஆசிரியர் அறையில் அவனுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. இப்போது பதிவாளர் ஃபாதரே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

இந்த விழா ஒரு குறையும் இல்லாமல் முடிந்தால் அடுத்த பருவத்தில் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தவரும் அவர்தான்.

கௌரவ டாக்டர் பட்டம் வாங்க வருகிறவர் முன்னாள் சட்ட அமைச்சர். ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் கொடுக்கப்போகிறது என்றதும் ஊரே வாயைப் பிளந்தது. திருச்சபை எதையெல்லாம் கூடாது என்றதோ, அதையெல்லாம் வரிசையாகச் சட்டமாக்கியவர் அந்த அம்மையார்.

அவர் பெயரை முன்மொழிந்தது யார் என்று கேட்டால், மேலிடம் என்றார்கள். அந்த வளாகத்தில் மேலிடம் என்பது கூரையையும் தாண்டிப் போகக்கூடியது. அதனால் யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

பாராட்டுரையை எழுதி வாசிக்கும் பொறுப்பு தற்காலிகத்தின் தலையில் விழுந்தது.

முதலில் இரண்டு பக்கம் எழுதினான். விவாகரத்துச் சட்டத்தைப் பதிவாளர் சிவப்பு மையால் அடித்தார். கருத்தடை மருந்தகங்களை இரண்டு முறை அடித்தார். திருச்சபையில் பெண்களும் குருவாகலாம் என்று அம்மையார் பேசிய பேச்சை அடிக்கக்கூட இல்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"மரம் நட்டார்" என்பது நன்றாகத்தான் இருந்தது, எங்கே நட்டார் என்று விசாரிக்கும் வரை. கருத்தடை மருந்தக வாசலில்.

"துணிச்சல் மிக்கவர்" என்று எழுதினான். யாரை எதிர்த்து என்று கேட்டார் பதிவாளர். யோசித்துப் பார்த்தால், நம்மைத்தான்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கடைசியில் நின்றது நேரம் தவறாமை. அது திருச்சபையின் எந்தப் போதனைக்கும் முரணில்லை.

இப்போது அதற்கும் ஆபத்து.

அரங்கில் பாடகர் குழு வரவேற்புப் பாடலைத் திரும்பத் திரும்பப் பாடித் தொண்டை கட்டிப்போய் நின்றது. வாசலில் கறுப்புக் கொடியோடு வந்தவர்கள் கால் வலித்து உட்கார்ந்துவிட்டார்கள். அம்மையார் எப்போதுதான் வருவார் என்று கேட்டுவர ஒருவரை உள்ளே அனுப்பியிருந்தார்கள். அந்த ஆளுக்கு இங்கே தண்ணீர் கொடுத்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்திருந்தார்கள்.

ஆயர் மட்டும் முழு உடையில், திரை ஓரத்து நாற்காலியில் கண்ணை மூடி அமர்ந்திருந்தார். செபத்தில் இருக்கிறார் என்று எல்லோரும் அவரைச் சுற்றிப் பூனைபோல நடந்தார்கள்.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கோஷம் எழுந்தது.

பதிவாளர் தாளைப் பிடுங்கி அந்தக் கடைசி வரியையும் அடித்தார். அம்மையார் படியேறி வருவதற்குள் வேறு ஏதாவது எழுது என்று பல்லைக் கடித்தார்.

தற்காலிகம் பேனாவை எடுத்தான். எளிமையானவர்? ஒன்றன்பின் ஒன்றாக இன்னும் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்முகத்தவர்? அம்மையார் சிரித்த புகைப்படம் நாட்டிலேயே கிடையாது.

வேறு வழியில்லாமல் "உயரமானவர்" என்று எழுதிக் காட்டினான்.

"உயரத்துக்கெல்லாம் பட்டம் குடுத்தா, நாளைக்கு ஒட்டகச்சிவிங்கி வந்து வரிசையில நிக்கும்பா," என்றார் பதிவாளர்.

அப்போதுதான் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"நல்லா டான்ஸ் ஆடுவாங்கன்னு எழுதுங்க தம்பி."

ஆயர் கண்ணைத் திறக்கவில்லை.

தற்காலிகம் எதையும் சரிபார்க்காமல் எழுதுகிறவன் இல்லை. சரிபார்த்த பிறகும் பாதி ராத்திரியில் எழுந்து சந்தேகப்படுகிறவன். யாராவது ஆதாரம் கேட்டால் என்ன சொல்வது ஆண்டகை என்று கேட்டான்.

"நான் சாமியாராப் படிக்கக் குருமடத்துல சேர்றதுக்கு முந்தின வருஷம். காலேஜ் ஆண்டு விழா. அதுக்கு மேல கேக்காதீங்க."

அவன் எழுதினான். எழுத்து கோணலாக விழுந்தது. பதிவாளர் சிவப்புப் பேனாவைத் தூக்குவார், ஆயரைப் பார்ப்பார், இறக்கிக்கொள்வார்.

அதற்குள் அம்மையார் மூச்சு வாங்க உள்ளே வந்துவிட்டார். மேடைக்கு இருவர் இருவராக ஏற வேண்டும் என்று வரிசை கட்டினார்கள். முதல் வரிசையில் ஆயர்; அவருக்குப் பக்கத்தில் அம்மையார். கடைசியில், பதிவாளரும் தாளோடு தற்காலிகமும்.

முன்னால் நின்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இசை தொடங்கியது. அம்மையார் பார்வையை நேரே வைத்தபடி, உதடு அசையாமல் சொன்னார்.

"இந்தத் தடவையாவது என் காலை மிதிக்காம வா."

ஆயரின் காது சிவந்தது.

முதல் படியை ஒழுங்காகத்தான் ஏறினார். இரண்டாம் படியில் மிதித்துவிட்டார்.

அம்மையாரின் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. காலை மெதுவாக உருவிக்கொண்டு, அதே நடையில் ஏறினார்.

தற்காலிகம் நின்ற இடத்திலேயே அந்த நடன வரியை அடித்தான். அதற்கு மேலே, இந்த முறை கோணாமல், "பொறுமை மிக்கவர்" என்று எழுதினான்.

பதிவாளர் எட்டிப் பார்த்தார். பேனாவை மூடினார்.